இன்னும் நாலு இடத்தில் விசாரியுங்கள்

பிரான்ஸ் தேசத்தில் என் பெயர் கெட்டது. கெடுத்தது என் சம்பந்தி.

காபி வேண்டாம். உட்கார இடம் கொடுத்தீர்கள், அது போதும். நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்கிற விஷயம் இல்லை.

போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மைத்துனரும் என் தோட்டத்துக்கு வந்தீர்கள். என் சம்பந்தி மகள் ஹேமாவை உங்கள் பையனுக்குப் பார்த்திருக்கிறோம், குடும்பம் எப்படி என்று கேட்டீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். நீங்கள் அந்த இடத்தை விட்டுவிட்டீர்கள். அந்த வார்த்தையைப் பற்றிப் பேசத்தான் சின்னமனூருக்கு பஸ் ஏறி வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்வேன். குறுக்கே பேசினால் எழுந்து போய்விடுவேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன். நாலு ஏக்கர் பன்னீர் திராட்சை. நாற்பத்தாறு வருசம். கம்பம் பள்ளத்தாக்கில் வியாபாரி எவனாவது ஒரு பழத்தைக் கொண்டுவந்து என் நாக்கில் வைத்தால், எந்த ஊர்த் தண்ணீர், இன்னும் எத்தனை நாளில் வெட்டலாம் என்று சொல்லுவேன். தப்பியது கிடையாது. இது ஒரு பெயர்.

இன்னொன்று. ஆறு வருசத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒயின்ஷாப் வந்தது. நானும் முப்பது பெண்களும் வாசலில் உட்கார்ந்தோம். நாற்பத்தொரு நாள். மழை பெய்தது. போலீஸ் வந்தது. எழுந்திருக்கவில்லை. கடை போய்விட்டது. அன்றிலிருந்து ஊரில் குடித்துவிட்டு வருகிறவன் என்னைக் கண்டால் சந்தில் திரும்பிவிடுவான். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டவன் இல்லை என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டித்தான் சொல்லுவார்கள்.

இந்த ரெண்டு பெயர்தான் என் சொத்து. மற்றதெல்லாம் தோட்டம்.

இனி சம்பந்தி. போடியில் ஏலக்காய்க் கடை. வீட்டம்மா இறந்து எட்டு வருசம். வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும். என் மகள் பூங்கோதையை அவர் மகனுக்குக் கொடுத்து நாலு வருசம் ஆகிறது. கல்யாணப் பந்தியில் நட்டநடுவே நின்று, "எங்க சம்பந்தி சிரிச்சத யாராவது பாத்திருந்தா கை தூக்குங்கப்பா! பாயசம் ரெண்டு தடவை ஊத்தச் சொல்றேன்!" என்று கத்தினார். பந்தியே சிரித்தது. ஒருத்தரும் கை தூக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் என்ன பேசுவான்? இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அதை மனதில் வைத்திருக்கிறேனா என்று கேட்கிறீர்களா? வைத்திருக்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் துலூஸ் என்கிற ஊரில் வேலை பார்க்கிறார்கள். ரெண்டு வீட்டுப் பெரியவர்களையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். ஒரு மாதம். வீட்டில் ரெண்டே அறை. என் வீட்டம்மா மகளோடு படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கூடத்தில். எனக்கும் சம்பந்திக்கும் ஒரு அறை. அதைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை சொன்னார், "மாமா, திராட்சைக்காரர் ஒருத்தர் பாத்தே ஆகவேண்டிய ஊர் ஒண்ணு இருக்கு. வாங்க போவோம்." காரில் மூன்று மணி நேரம். சாந்தெமிலியோன் என்று பெயர். உங்களுக்கு வாயில் வராது, விடுங்கள்.

ஊர் பழைய ஊர். வீடெல்லாம் சந்தனம் அரைத்துப் பூசின மாதிரி ஒரே கல். தெரு செங்குத்தாக இறங்குகிறது, உருண்டைக் கல் பாவின தெரு. சம்பந்தி வழுக்குகிறது என்று என் தோளைப் பிடித்தார். கீழே இறங்கும்வரை விடவில்லை. அங்கே ஒரே பாறையைக் குடைந்து கோயில் செய்திருக்கிறார்கள். மேலே மணிக்கூண்டு, அடியில் கோயில். நன்றாக இருந்தது. ஆனால் கோயிலைச் சுற்றி என்ன தெரியுமா? ஒயின்கடை. அடுத்தது ஒயின்கடை. ஒரு தெருவில் பதினேழு எண்ணினேன். நாங்கள் ஒரு கடைக்கு நாற்பத்தொரு நாள் உட்கார்ந்தோம். இங்கே உட்கார வேண்டுமென்றால் நாலு தலைமுறை வேண்டும். ஒரு விஷயம். தெருவில் ஒருத்தனும் விழுந்து கிடக்கவில்லை. தேடிப் பார்த்தேன். இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஊர் மதில் முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்குகிறது. கண்ணுக்கு எட்டின மட்டும் கொடி. பந்தல் கிடையாது. இடுப்பு உயரத்துக்குக் குச்சி நட்டு, கம்பி இழுத்து, கொடியை வரிசையில் நிறுத்தியிருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. வரிசைக்கு வரிசை தலைமாட்டில் ஒரு ரோஜாச் செடி. நோய் வந்தால் முதலில் ரோஜாவில் காட்டுமாம். இது நல்ல யோசனை. திரும்பி வந்து நானும் வைத்திருக்கிறேன். தண்ணீர் கட்டுவதில்லையாம். நம்பவில்லை. குனிந்து மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். நிஜம்தான்.

ஒரு பழம் பறித்து வாயில் போட்டேன். கொட்டை, தோல், நடுவில் பெயருக்குச் சதை. ஆனால் இனிப்பு தொண்டையில் இறங்கி நின்றது. அப்போது பின்னால் ஒரு சத்தம். பொம்பளை ஒருத்தி. அறுபது வயது இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கத்தரி.

"மாமா, யாரைக் கேட்டுப் பறிச்சீங்கன்னு கேக்குறாங்க" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ருசி பாக்க ஒத்தப் பழம். எங்க தோட்டத்துக்கு வந்தா நான் ஒரு கொத்தே குடுப்பேன்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேட்டி, சட்டை, மேலே மகள் போட்டுவிட்ட கம்பளிக் கோட்டு. நான் அவளைப் பார்க்கவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தேன். நீலமாகத் தூள் படிந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும். நாம் அடிக்கிற அதே மருந்து.

"போர்டோ" என்றேன்.

அந்த அம்மா கையைத் தட்டிச் சிரித்துவிட்டாள். மேற்கே கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பக்கம் போனால் போர்டோ என்றே ஒரு பட்டணம் இருக்கிறதாம். அந்த ஊர்ப் பெயரைத்தான் மருந்துக்கு வைத்தார்களாம். நாற்பத்தாறு வருசமாக அதை நான் மருந்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் அடியில் கத்தரி பிடித்த காய்ப்பு. தன் கையைக் காட்டினாள். அதே இடத்தில் அதே காய்ப்பு.

சம்பந்தி போனைத் தூக்கிவிட்டார். "சம்பந்தி, கையெல்லாம் பிடிக்கிறீங்க! வீட்டம்மா பக்கத்துலதான் நிக்கிறாங்க, பாத்துக்குங்க!"

என் வீட்டம்மா சொன்னாள், "பிடிக்கட்டும் அண்ணே. வேற யாரு அவர் கையப் பிடிக்கப் போறா?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் மறக்கவில்லை.

அந்த அம்மா எங்களை வீட்டுக்குள் கூட்டிப்போனாள். வீட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்து அறை. உள்ளே சில்லென்று இருந்தது. பீப்பாய் பீப்பாயாக அடுக்கி வைத்திருந்தாள். ஒரு மேசை, கிளாஸ்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி. வாளி எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு வாய் குடித்து, வாய்க்குள் சுழற்றி, ருசி பார்த்து, வாளியில் துப்ப வேண்டுமாம். அதுதான் அங்கே மரியாதையாம். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரர்கள், ஆணும் பெண்ணும், குனிந்து குனிந்து துப்பினார்கள். எல்லார் எச்சிலும் ஒரே வாளியில். நான் வாளிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

சம்பந்தி பழகின ஆள் மாதிரி வாங்கினார், சுழற்றினார், துப்பினார். "சர்க்கரை வியாதிக்காரனுக்குத் துப்புறதுதான் சம்பந்தி குடுத்து வச்சது" என்றார்.

மாப்பிள்ளை கார் ஓட்ட வேண்டும். அதனால் அவருக்கு மட்டும் திராட்சை ஜூஸ். கார் ஓட்டுகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதையே கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். எத்தனை பேர் வாய் வைத்த கிளாஸோ. நான் வாய் வைக்கவில்லை. அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். ஒரு அடி உயரத்திலிருந்து. சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை.

பக்கத்து மேசைக்காரர்கள் துப்புவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

"இன்னொரு தடவை சம்பந்தி! கேமராவுக்கு!" என்றார் இவர்.

அந்த அம்மா வேறொரு பாட்டிலிலிருந்து ஊற்றினாள். அதுவும் ஜூஸ்தான். அண்ணாந்து குடித்தேன். மறுபடி கை தட்டல். பிறகு அந்த அம்மா உள்ளே போனாள். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். வரும்போது லேபிள் இல்லாத ஒரு பாட்டிலோடு வந்தாள், தூசி படிந்தது. தன் கையாலேயே துடைத்து எனக்கு மட்டும் ஊற்றினாள். அதுவும் ஜூஸ்தான். பாதாளத்தில் வைத்திருந்த ஜூஸ்.

திரும்பும்போது அந்தச் செங்குத்துத் தெருவை ஒரே மூச்சில் ஏறினேன். முழங்கால் வலிக்கவில்லை. வீட்டம்மாவுக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவளும் போட்டுக்கொண்டாள். நான் சிரித்தேன் என்று மாப்பிள்ளை சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை. நல்ல ஜூஸ் உடம்புக்குத் தெம்பு.

சம்பந்தி காரிலேயே அந்த வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். நாற்பது விநாடி. கீழே எழுதியிருந்தது: 'பிரான்சையே கலக்கிய எங்கள் சம்பந்தி! கை தூக்குங்கப்பா!'

மறுநாள் மத்தியானம் என் அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, அந்த வீடியோல இருக்கிறது நீங்கதானா?" குரூப்பிலிருந்து ஒருத்தன் இன்னொருத்தனுக்கு அனுப்பி, அவன் அடுத்தவனுக்கு அனுப்பி, ஊர் முழுக்கப் போய்விட்டது. ஒயின்ஷாப் இருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறான். ஆறு வருசமாக என்மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவன். அவன் கைக்கும் போயிற்று. அவன் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி வீடு வீடாக அனுப்பினானாம்.

சம்பந்தியிடம் கேட்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன்.

"ஐயோ சம்பந்தி, கேலிக்குத்தானே போட்டேன். இந்தா, இப்பவே அழிச்சிடுறேன்."

"ஊருக்கெல்லாம் போன பெறகு அழிச்சா? எச்சியக் காறித் துப்பிட்டுத் துடைக்கிறீங்களா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது நான் பார்த்து அதுதான் முதல்முறை.

மிச்சம் ஒன்பது நாள். ஒரே அறை. ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் அழுதாள். "அப்பா, மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்கப்பா. சாப்பாட்டை முன்னால வச்சிட்டு இப்படி உக்காந்திருக்கார்." அழட்டும் என்று விட்டேன். பதிலுக்கு என்ன செய்வது என்பதுதான் என் யோசனை. ஒன்பது நாளும் அதே வேலை. அவர் குறட்டையைப் போனில் பதிவு செய்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு அனுப்ப ஆள் இல்லை. நான் எந்தக் குரூப்பிலும் கிடையாது.

ஊருக்கு வந்தேன். டீக்கடைப் பக்கம் போனால் இளவட்டங்கள் கிளாஸைத் தூக்கி அண்ணாந்து டீ குடிக்கிறான்கள். கொதிக்கிற டீயை எவனாவது அண்ணாந்து குடிப்பானா? வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று குடித்தான்கள். கட்டடக்காரன் கடையைத் திரும்பக் கொண்டுவர மனு எழுதிப் போட்டுவிட்டான். அக்டோபர் ரெண்டாம் தேதி கிராம சபை. கடை கூடாது என்று தீர்மானம் போட்டால்தான் தடுக்கலாம். அதை யார் எழுந்து சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். எந்த வாயால்?

அந்த வாரம்தான் நீங்கள் வந்தீர்கள்.

கொடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டீர்கள், "பொண்ணோட அப்பா எப்படி? பழக்கவழக்கமெல்லாம்?" நாலு வருசத்தில் அந்த ஆள் என் கையில் வந்து சிக்கினது அந்த ஒரு தடவைதான். நான் பொய் சொல்லவில்லை. குடிகாரன் என்று சொன்னேனா? கடன்காரன் என்று சொன்னேனா? இல்லை. கத்தரியைக் கீழே வைக்காமல் சொன்னேன்: "இன்னும் நாலு இடத்துல விசாரிச்சுக்குங்க."

அவ்வளவுதான். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் மைத்துனர் உங்களைப் பார்த்தார். என் வீட்டம்மா கொண்டுவந்த மோரை நீங்கள் ரெண்டு பேரும் குடிக்கவில்லை. போய்விட்டீர்கள். அன்றைக்குக் கத்தரி நன்றாக வெட்டியது. மறைக்க மாட்டேன். சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பிள்ளை ஹேமாவை நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கண் கேட்கிறது. நினைக்கவில்லை.

கிராம சபை வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பந்தல். சனம் வழக்கத்தைவிட ஜாஸ்தி. வேடிக்கை பார்க்க வந்த சனம். நான் எழுந்து, "பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல கடை வரக் கூடாது" என்று தொடங்கினேன். கட்டடக்காரன் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து வீடியோவை ஓட்டினான். கை தட்டல் சத்தம். சம்பந்தி குரல். 'இன்னொரு தடவை சம்பந்தி!' ஊரே சிரித்தது. நாற்பத்தொரு நாள் என்னோடு உட்கார்ந்த பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பாப்பாத்தி என்று ஒருத்தி. குடியால் புருசனைப் பறிகொடுத்தவள். அவள்தான் எழுந்து கேட்டாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. குடிச்சீங்களா?"

"ஜூஸ்" என்றேன்.

கட்டடக்காரன் சிரித்தான். "அம்பது வருசமா கொடி வளக்குற ஆளு. ஒரு பழத்த நாக்குல வச்சா ஊரு சொல்ற ஆளு. அவருக்கு ஜூஸு எது, ஒயினு எதுன்னு தெரியலையாம். கேட்டுக்கங்க!"

பாருங்கள், எப்படி மடக்கினான் என்று. தெரிந்து குடித்தேன் என்றால் ஒரு பெயர் போகும். தெரியாமல் குடித்தேன் என்றால் இன்னொரு பெயர் போகும். ரெண்டு பக்கமும் வெட்டுகிற கத்தரி. நான் நின்றேன். பாப்பாத்தி உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அந்த வீடியோவ எடுத்தவன் நான்."

சம்பந்தி. போடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை. மகள் போனில் ஊர் விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறாள், அதைக் கேட்டுப் புறப்பட்டுவிட்டார். நேராக முன்னால் வந்தார். ஒலிபெருக்கி வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அந்தக் குரலுக்கு எதற்கு?

"அது ஜூஸ். கார் ஓட்டுறவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்க தனியா வச்சிருக்காங்க. என் மகன் அதைத்தான் குடிச்சான். சம்பந்தியும் அதைத்தான் கேட்டு வாங்கினாரு. மூணு தடவையும் ஊத்துனத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஒயின் குடிச்சது நான். சந்தேகம்னா என் மகன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க. கேலி பண்றேன்னு நெனச்சு ஒரு பெரிய மனுசன் பேர கெடுத்துட்டேன். தப்பு என்மேல."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். ரெண்டு கையையும் கூப்பினார். தலைக்கு மேலே தூக்கி.

மாப்பிள்ளையைப் பெற்றவன், பெண்ணைக் கொடுத்தவன் முன்னால், அவன் ஊரில், அவன் சனத்துக்கு நடுவே கும்பிட்டதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. கட்டடக்காரன்கூட போனை அணைத்துவிட்டான். பாப்பாத்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்ணே" என்று உட்கார்ந்தாள். தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து ஒருத்தரும் கை தூக்கவில்லை. கடை வராது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். வயிறு எரிந்தது. ஒன்பது நாள் யோசித்து, அப்புறம் நாலே வார்த்தையில் அந்த ஆளைச் சாய்த்தேன். அவர் ஒரு கும்பிடு போட்டு என்னைச் சாய்த்துவிட்டார். இதற்கு நான் எங்கே போய்ப் பதில் செய்வேன்?

பஸ் ஸ்டாப்புவரை கூடப் போனேன். மரியாதைக்கு. நின்றோம். அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"சம்பந்தி, ரெண்டாவதா, மூணாவதா? எது நல்லா இருந்துச்சு?"

"மூணாவது" என்றேன். "ரெண்டாவதுல காம்புக் கசப்பு இருந்துச்சு."

நாக்கு முந்திக்கொண்டது. நாற்பத்தாறு வருசப் பழக்கம். ருசி கேட்டால் பதில் சொல்லிவிடும்.

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஆமாம். இதுவரை உங்களிடம் ஜூஸ் என்று சொன்னேன். அது ஊருக்குச் சொன்னது. முதல் கிளாஸ் ஜூஸ். மற்ற ரெண்டும் இல்லை. ரெண்டாவது நாக்கில் பட்டதுமே தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? அப்போதே துப்பியிருக்கலாம். எல்லாரும் பார்க்கிறார்கள், பொம்பளைகள் நிற்கிறார்கள், அந்த எச்சில் வாளியில் எப்படித் துப்புவது? விழுங்கிவிட்டேன். சரி, அதை விடுங்கள். மூணாவது அப்படி இல்லை. அந்த அம்மாவின் அப்பா கடைசியாக வெட்டின வருசத்துப் பழமாம் அது. விற்பனைக்கு இல்லையாம். மாப்பிள்ளை காதோடு சொன்னார், "மாமா, வேண்டாம்னா நான் பக்குவமா சொல்லிடுறேன்." சொல்லச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மா பாட்டிலைத் துடைத்த கையைப் பார்த்தேன். கொடி வளர்த்தவள் தன் கையால் ஊற்றுகிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தேதான் குடித்தேன்.

இது என் வீட்டம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. பாப்பாத்திக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும். கட்டடக்காரன் உங்களுக்குச் சொந்தமா, பழக்கமா என்றுகூட விசாரிக்காமல் சொல்கிறேன். ஒரு போன் போட்டால் என் பெயர் முடிந்தது. போடுவதானால் போடுங்கள். அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னார். "ஹேமாவுக்குப் பார்த்த சின்னமனூர் இடம் தட்டிப்போச்சு சம்பந்தி. யாரோ, இன்னும் நாலு இடத்துல விசாரிங்கன்னு சொன்னாங்களாம். பிள்ளை ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அந்தப் பையன அதுக்குப் பிடிச்சிருந்துச்சு." அவ்வளவுதான். உள்ளே போய் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

யார் சொன்னது என்று தெரிந்துகொண்டு வந்துதான் கும்பிட்டாரா? தெரியாமல் கும்பிட்டாரா? இது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்கவும் முடியாது. நீங்கள் அவரிடம் என் பெயரைச் சொன்னீர்களா? வேண்டாம், சொல்லாதீர்கள். தலையையும் ஆட்டாதீர்கள்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். நல்ல மொட்டு இருக்கிற கொடியை வெட்டிவிட்டேன். அப்புறம்தான் புறப்பட்டு வந்தேன்.

அந்த ஆள்மேல் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வீடியோ போட்டதற்கு ஒரு கோபம். ஊர் முன்னால் எனக்காகப் பொய் சொன்னாரே, அதற்கு ரெண்டு மடங்கு. தலைக்கு மேலே கையைத் தூக்கினாரே, அதைச் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நடுவே நின்று அவர் கத்தத்தான் போகிறார், நீங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிடத்தான் போகிறீர்கள். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் அன்றைக்குத் தோட்டத்தில் ஒன்று கேட்டீர்கள், பொண்ணோட அப்பா எப்படி என்று. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நாலு இடத்தில் விசாரிக்க வேண்டாம். என் ஒருத்தனிடம் விசாரித்தால் போதும். என் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வராமல் நின்றிருக்கிறது. என் பெயர் இன்றைக்கு வரைக்கும் நின்றிருக்கிறது. இதை நிறுத்தினது யார் என்று கேட்டால், நான் இல்லை. நாற்பத்தொரு நாள் உட்கார்ந்த பெண்களும் இல்லை.

போடி ஏலக்காய்க் கடை தங்கமாயன்.